பொறுக்கக் கற்ற பெட்டி

1980 பிப்ரவரி 4 அன்று பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், ஒரு நோயாளியின் வயிற்றுத் தோலுக்கடியில் சுமார் கால் கிலோ எடையுள்ள பெட்டியைப் பொருத்தினார்கள். மிஷெல் மிரோவ்ஸ்கி, மார்ட்டன் மோவர் இருவரின் பல வருட உழைப்பு அது. இதயத்தின் கீழறை துடிக்க மறந்து வெறுமனே நடுங்கத் தொடங்கினால், ஷாக் கொடுத்து மீட்கும். இன்று ஐ.சி.டி. என்கிறோம்.

அந்தக் காலத்துப் பெட்டிக்கு நினைவாற்றல் கிடையாது. "நேத்து ஷாக் அடிச்சுது டாக்டர்" என்று நோயாளி வந்து நின்றால், அது தேவைப்பட்ட ஷாக்கா, வீண் ஷாக்கா என்பது ஊகம்தான். மருத்துவர்களிடம் ஒரு உபாயம் இருந்தது. சில மாடல்களின் மேல் காந்தத்தை வைத்தால், கருவி ஒவ்வொரு துடிப்பையும் எண்ணும்போது 'பீப்' என்று ஒலிக்கும். நாடி ஒன்று, பீப் இரண்டு என்றால் குட்டு வெளிப்பட்டது: கருவி ஒரே துடிப்பை இரண்டாக எண்ணுகிறது. நிமிடத்துக்கு 90 அதன் கணக்கில் 180.

ஏன் இப்படி? கீழறை நடுங்கும்போது எழும் மின்னலைகள் மிகச் சிறியவை. அவற்றைத் தவறவிட்டால் ஆள் பிழைக்கமாட்டார். அதனால் ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் கருவி தன் செவியைப் படிப்படியாகக் கூர்மையாக்கும், 0.3 மில்லிவோல்ட் அளவுக்குக்கூட இறங்கும். அந்த நேரத்தில் துடிப்பைத் தொடர்ந்து வரும் டி அலை, உதரவிதானத் தசையின் அசைவு, எர்த் சரியில்லாத வாஷிங் மெஷினின் கசிவு என்று எது காதில் விழுந்தாலும் துடிப்பாகிவிடும்.

எல்லாவற்றிலும் மோசமானது, கருவியை இதயத்தோடு இணைக்கும் லீட் கம்பி உடைந்தால் எழும் இரைச்சல். மெல்லிய லீட் வேண்டும் என்று எல்லோரும் ஆசைப்பட்டார்கள். மெட்ரானிக் நிறுவனத்தின் ஸ்ப்ரின்ட் ஃபிடெலிஸ் வந்தது. உள்கம்பி முறிகிறது என்று தெரிந்து 2007 அக்டோபரில் விற்பனையை நிறுத்தியபோது, உலகெங்கும் சுமார் 2,68,000 லீட்கள் பொருத்தப்பட்டிருந்தன. முழு நினைவோடு இருப்பவருக்கு, இதயம் ஒழுங்காகத் துடிக்கும்போதே, அடுத்தடுத்து ஷாக். அனுபவித்தவர்கள் அடுத்த ஷாக்கை நினைத்தே ஒடுங்கிப்போனார்கள்.

அதற்குப் பின் வந்த மென்பொருள்தான், என் பார்வையில், உண்மையான திருப்பம். கேட்பதையெல்லாம் நம்பிய கருவி சந்தேகப்படப் பழகியது. இரண்டு துடிப்புகளுக்கு இடையே 140 மில்லி விநாடிகூட இல்லையா? எந்த இதயமும் அப்படித் துடிக்காது, கம்பியைப் பார். லீட்டின் மின்தடை திடீரென ஏறியிருக்கிறதா? அவசரப்படாதே, இன்னும் சில துடிப்புகளை எண்ணு. அன்று காந்தம் வைத்துக் கேட்டோம். இன்று கருவியே பீப் அடித்து ஆளைக் கூப்பிடுகிறது. பதிவான அலைகள் படுக்கையருகே உள்ள மானிட்டர் வழியாக மருத்துவமனைக்குப் போய்விடுகின்றன.

பொறுமைக்குக் கணக்கும் உண்டு. 2012இல் வெளியான மேடிட்-ரிட் ஆய்வில், 1,500 நோயாளிகளிடம், கருவி தலையிடத் தொடங்கும் துடிப்பு வேகத்தின் வரம்பை உயர்த்தியோ காத்திருப்பை நீட்டியோ பார்த்தார்கள். தேவையற்ற சிகிச்சைகள் வெகுவாகக் குறைந்தன. அவற்றில் பெரும்பாலானவை மேலறைக் கோளாறால் வந்தவை என்றாலும், பாடம் ஒன்றுதான்.

அதே 2012இல் அமெரிக்க அனுமதி பெற்ற தோலடி ஐ.சி.டி., இதயத்துக்குள் கம்பியே வேண்டாம் என்றது. தூரத்திலிருந்து கேட்பதால் டி அலைத் தொல்லை திரும்பவும் தலையெடுத்தது. பிறகு வடிகட்டி சேர்த்தார்கள். இப்போது பொருத்துமுன் நோயாளியைப் படுக்க வைத்தும் நிற்க வைத்தும் இ.சி.ஜி. எடுத்து, டி அலை எவ்வளவு உயரம் என்று பார்க்கிறார்கள். தேறாதவர்களுக்குப் பழையபடி ரத்தக்குழாய் வழியே செல்லும் லீட்தான்.