சரோஜா, பங்கஜ், நீரஜ்... எல்லாம் ஒரே பூ! தெரியுமா?

சரோஜா, பங்கஜம், அம்புஜம், நீரஜா, வனஜா, ஜலஜா, வாரிஜா. உங்கள் வீட்டுப் பாட்டி, பெரியம்மா, அத்தை என்று யாராவது ஒருவர் இதில் இருப்பார். ஏழு பேருக்கும் ஒரே பூவின் பெயர்தான் என்பது தெரியுமா? தாமரை!

இதன் சூட்சுமம் எளிமையானது, அதனால்தான் இன்னும் வியப்பாக இருக்கிறது. வடமொழியில் தண்ணீரைக் குறிக்கும் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, 'பிறந்தது' என்று பொருள் தரும் 'ஜ'வைப் பின்னால் ஒட்டினால் போதும். சரஸ் என்ற குளத்தில் பிறந்தவள் சரோஜா. நீரத்தில் பிறந்தவள் நீரஜா. அம்பு, ஜலம், வாரி எல்லாமே தண்ணீர்தான். வனஜா மட்டும் காட்டில் பிறந்தவள் என்றுதானே நினைத்தீர்கள்? 'வனம்' என்ற சொல்லுக்குத் தண்ணீர் என்றும் பொருள் உண்டு. தமிழ் அகராதியில் 'வனசம்' என்று தேடினால் தாமரைதான் வரும். பங்கஜமோ சேற்றிலேயே பிறந்தவள். பெற்ற குழந்தைக்குச் சேற்றை நினைவூட்டும் பெயரை இவ்வளவு ஆசையோடு வைத்திருக்கிறார்கள் என்றால், அந்தப் பூவின் மீது எவ்வளவு நம்பிக்கை இருந்திருக்க வேண்டும்!

இப்போது பெங்களூருக்கு வாருங்கள். கர்நாடகத்தின் மாநில மலரே தாமரை. கன்னடத்தில் அதன் பெயர் தாவரெ; நம் தாமரைக்கு உடன்பிறந்த சொல். இந்த ஊரில்தான் 1938 ஜனவரி 7 அன்று பிறந்தார் நம் 'கன்னடத்துப் பைங்கிளி' பி. சரோஜாதேவி. 1955இல் 'மகாகவி காளிதாசா' என்ற கன்னடப் படத்தில் அறிமுகம். 1958இல் 'நாடோடி மன்னன்' வந்ததும் தமிழ்நாடே அவரைத் தன் வீட்டுப் பெண்ணாக்கிக்கொண்டது. பி.ஆர். பந்துலு அவரைத் 'தங்கமலை ரகசிய'த்திலும் 'கித்தூர் சென்னம்மா'விலும் நடிக்க வைத்தாரே, அந்தப் பட நிறுவனத்தின் பெயர் என்ன தெரியுமா? பத்மினி பிக்சர்ஸ். பத்மினி என்றாலும் தாமரைக்கொடிதான்!

அதோடு முடியவில்லை. சரோஜாதேவிக்கு 1969இல் பத்மஸ்ரீ, 1992இல் பத்மபூஷண். பத்மம் என்றால் தாமரை. அந்தப் பதக்கத்தின் நடுவில் பொறித்திருப்பதும் தாமரைப் பூவே. தாமரைக்குத் தாமரை, அதுவும் இரண்டு முறை!

தற்செயல்தானே என்கிறீர்களா? அதே பெங்களூரில் வளர்ந்து, பில்லியர்ட்ஸிலும் ஸ்நூக்கரிலும் உலகப் பட்டங்களைக் குவித்த பங்கஜ் அத்வானியைப் பாருங்கள். பங்கஜ் என்றால் தாமரை. 2009இல் பத்மஸ்ரீ, 2018இல் பத்மபூஷண். இவருக்கும் இரண்டு தாமரை!

இன்னும் கேளுங்கள். 2025 ஜூலை 5 அன்று பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் ஈட்டி எறிதல் போட்டி. 86.18 மீட்டர் எறிந்து வென்றவர் நீரஜ் சோப்ரா. நீரஜ்! அவரும் தாமரைதான், பத்மஸ்ரீயும் 2022இலேயே வாங்கிவிட்டார். அடுத்த ஒன்பதாம் நாள், ஜூலை 14 அன்று, அதே ஊரின் மல்லேஸ்வரத்தில் 87 வயதில் சரோஜாதேவி காலமானார்.

பெண் குழந்தைக்குத்தான் பூப்பெயர் என்ற எண்ணத்தை நீரஜும் பங்கஜும் அரவிந்தும் எப்போதோ உடைத்துவிட்டார்கள். ராஜீவ் என்றாலும் தாமரை. ராஜீவ் காந்தியின் பாட்டி பெயர் கமலா நேரு. பாட்டி கமலம், பேரன் ராஜீவம்! சரோஜினி நாயுடுவின் மகள் பெயரைப் பாருங்கள், பத்மஜா நாயுடு. சரோஜினி தாமரைக் குளம். பத்மஜா அந்தத் தாமரையில் பிறந்தவள். அம்மாவையும் மகளையும் இதைவிட அழகாகக் கோர்க்க முடியுமா? மன்னார்குடிப் பக்கத்துத் துளசேந்திரபுரத்தில் வேர் கொண்ட ஒரு கமலா, 2021இல் அமெரிக்காவின் துணை அதிபராகவே ஆனார்.

இத்தனை பெயரைத் தாங்குகிற அந்தப் பூ லேசுப்பட்டதா? சுற்றிலும் 10 டிகிரி குளிர் இருந்தாலும் பூத்திருக்கும் தாமரை தன் உள்ளே 30 முதல் 35 டிகிரி வரை சூட்டைத் தானே உண்டாக்கிக் காத்துக்கொள்கிறது என்று ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பூங்காவில் அளந்து பார்த்து 1996இல் எழுதினார்கள். மகரந்தம் சுமக்கும் வண்டுகளுக்கு அது கதகதப்பான விடுதி. வடகிழக்குச் சீனாவின் வறண்ட ஏரிப்படுகையில் தோண்டியெடுத்த சுமார் 1300 ஆண்டுப் பழைய தாமரை விதை முளைத்தே விட்டது! தாமரையும் அல்லியும் அக்கா தங்கை என்றுதானே நினைப்போம்? இல்லவே இல்லை. மரபணு ஆராய்ச்சிப்படி தாமரையின் நெருங்கிய சொந்தங்களில் ஒன்று, குடகுக் காபித் தோட்டங்களில் மிளகுக் கொடியைச் சுமந்து நிற்கும் சில்வர் ஓக் மரம்!

இன்று சரோஜா என்று கூப்பிட்டால் பாட்டிகள்தான் திரும்பிப் பார்க்கிறார்கள். அந்தப் பெயர் மறுபடி தொட்டிலுக்கு வர வேண்டும் என்பது என் பேராசை. நட்சத்திர எழுத்துக்குப் பெயர் கிடைக்கவில்லை என்று தவிக்கும் பெற்றோரே, தாமரையிடம் வாருங்கள். கார்த்திகையா? அம்புஜா, அரவிந்த். ரோகிணிக்கு வனஜா. மிருகசீரிடத்துக்குக் கமலா. மகத்துக்கு முளரி, இதுவும் தாமரைதான், நம் இலக்கியத்தில் புழங்கிய பெயர். உத்திரத்துக்குப் பத்மா, சித்திரைக்கு ராஜீவ், அனுஷத்துக்கு நளினி, சதயத்துக்குச் சரோஜா. சுவாதியில் பிறந்த குழந்தைக்கு எழுத்து 'தா'. தாமரை என்றே வைத்துவிடலாம்!