பாலைப் புழுதியும் அமேசான் வனமும்

1832ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், ஆப்பிரிக்காவுக்கு மேற்கேயுள்ள கேப் வர்டித் தீவுகளைப் பீகிள் கப்பல் நெருங்கிக் கொண்டிருந்த வேளையில், அப்போது இருபத்திரண்டு பிராயமே நிரம்பியிருந்த சார்லஸ் டார்வின், பாய்மர உச்சியிலிருந்த காற்றுத் திசைகாட்டியின் வலைத்துணியில் படிந்திருந்த பழுப்பு நிறப் புழுதியைத் திரட்டிப் பத்திரப்படுத்தினார். பிற்காலத்தில் அதனையும், நண்பர் லயல் வழியாகக் கிடைத்த வேறு சில புழுதிப் பொட்டலங்களையும் அவர் ஜெர்மானிய விஞ்ஞானி ஏரன்பெர்க்குக்கு அனுப்ப, நுண்பெருக்கியின் கீழ் அவற்றை ஆராய்ந்த அப்பேரறிஞர் அறுபத்தேழு வகை ஜீவ வடிவங்களைக் கண்டார். அவற்றிலிருந்த நுண்ணுயிர்களுள் இரண்டே கடலுக்குரியவை. ஏனையவெல்லாம் நன்னீரில் வாழ்பவை. கடல்நடுவே வறண்ட காற்று கொணர்ந்து கொட்டிய தூசியில் குளத்து ஜீவராசிகள் எவ்வாறு வந்து சேர்ந்தன?

இவ்வினாவுக்கு விடை கூறியது பூகர்ப்ப சாஸ்திரம். இன்று சகாராப் பாலைவனம் விரிந்துகிடக்கும் பிரதேசத்தில் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு வரை மழை பெய்தது. புல்வெளிகளும் ஏரிகளும் இருந்தன. அவற்றுள் சாட் ஏரி, காஸ்பியன் கடலுக்கு நிகரென்று சொல்லத்தக்க பரப்புடையதாய் விளங்கிற்று. மழை குன்றி ஏரி சுருங்கியபோது, அதன் வடபாகத்திலிருந்த போடேலே என்னும் பள்ளம் வறண்டு, அந்நீரில் கோடானுகோடியாக வாழ்ந்து மடிந்த டயாட்டம் எனும் நுண்பாசிகளின் சிலிக்கா ஓடுகள் வெண்படிவாக வெளிப்பட்டன. திபெஸ்தி, என்னெடி ஆகிய மலைகளுக்கு இடையே நெருக்குண்டு வேகம் பெறும் காற்று அந்த இலேசான படிவை அள்ளி ஆகாயத்தில் ஏற்றிவிடுகிறது.

அட்லாண்டிக்கைக் கடந்து அப்புழுதி போய்ச் சேருமிடங்களுள் ஒன்று அமேசான் வனம். வானளாவிய விருட்சங்களைக் கண்டு அவ்வன பூமியை வளமிக்கதென்று எண்ணுவோர் உண்டு. உண்மையிலோ, ஓயாத மழை கரைத்துச் சென்றதனால் அம்மண்ணின் பெரும்பகுதியில் பாஸ்பரஸ் சத்து மிகக் குறைவு. நைட்ரஜனைப்போல் காற்றிலிருந்து பெறத்தக்கதன்று பாஸ்பரஸ். பாறையிலிருந்தோ புழுதியிலிருந்தோதான் அது வந்தாக வேண்டும். 2006இல் ஏவப்பட்ட கலிப்சோ என்னும் செயற்கைக்கோள் லேசர் கதிர்களைக் கொண்டு வளிமண்டலத் தூசியை அளந்தது. 2007 முதல் 2013 வரை அது திரட்டிய விவரங்களை ஆராய்ந்தவர்கள், ஆண்டுதோறும் 18 கோடி டன்னுக்கு மேற்பட்ட புழுதி ஆப்பிரிக்கக் கரையை விட்டுக் கிளம்புகிறதென்றும், அதில் ஏறக்குறைய 2 கோடியே 77 லட்சம் டன் அமேசான் வடிநிலத்தில் விழுகிறதென்றும், அதனோடு 22,000 டன் பாஸ்பரஸ் அம்மண்ணில் சேர்கிறதென்றும் கணித்தனர். மழையாலும் வெள்ளத்தாலும் அவ்வனம் இழக்கும் பாஸ்பரஸும் ஏறத்தாழ இவ்வளவே.

விஷயம் இத்துடன் முடிந்துவிடவில்லை. ஆப்பிரிக்காவின் தென்பகுதிகளில் புல்லும் புதரும் எரிவதால் எழும் புகையும் அமேசானுக்குக் கணிசமான பாஸ்பரஸைக் கொண்டு செல்கிறதென்று 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. எனவே புழுதியின் பங்கு எவ்வளவு, புகையின் பங்கு எவ்வளவு என்ற விவாதம் இன்றும் நிகழ்கிறது. மேலும், புழுதியின் அளவு ஆண்டுக்கு ஆண்டு வெகுவாக மாறுகிறது. சகாராவின் தென்விளிம்பிலுள்ள சாஹேல் பிரதேசத்தில் ஓராண்டு நல்ல மழை பெய்தால், மறு ஆண்டு புழுதி குறையக் காண்கிறோம்.

ஒரு வனத்தின் போஷணையை அறிய முற்படுபவர் மறைந்துபோன ஏரியின் சரித்திரத்தையும், நுண்பாசியின் உடலமைப்பையும், காற்றின் கதியையும், தொலைதேசத்து மழையையும் ஒருங்கே கற்க வேண்டியிருக்கிறது. உயிரியலையும் பூகர்ப்ப சாஸ்திரத்தையும் வெவ்வேறு கட்டிடங்களில் வைத்துப் போதிக்கும் நம் கல்லூரிகள், ஒரு பருவமேனும் அவ்விரு வகுப்பு மாணாக்கரையும் இத்தகைய ஒரே வினாவின்முன் சேர்ந்து அமரச் செய்யுமாயின், அது அவ்விரு சாஸ்திரங்களுக்கும் செய்யும் நன்மையாகும்.