பட்டம் வழங்குவது யார்?

ஏ.எல். பெறுபேறுகள் வெளியாகும் காலத்தில் கண்டி நகரிலும் கட்டுகஸ்தோட்டை, அக்குறணைப் பகுதிகளிலும் பி.பி.ஏ., எம்.பி.ஏ. விளம்பரங்கள் கண்ணைப் பறிக்கும். கடையின் முதலில் கைவைத்துப் பிள்ளையின் கட்டணத்தைக் கட்டும் வர்த்தகர்கள் எம்மிடையே பலர். "அரசில் பதிவு செய்யப்பட்டது" என்ற ஒரு வரி போதும், நம்பிவிடுகிறோம். கம்பனிப் பதிவாளரிடம் பதிவதும் பதிவுதானே! அதனால் பட்டம் வழங்கும் அதிகாரம் வந்துவிடாது.

இந்தியாவின் ஐ.ஐ.பி.எம். நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் செய்து, நாடெங்கும் கிளைகள் வைத்திருந்தது. அதன் விளம்பரக் கூற்றுக்களை 2005இல் 'ஜாம்' என்ற மாணவர் சஞ்சிகை ஆராய்ந்து எழுதியபோது, நிறுவனம் சட்ட நடவடிக்கையில் இறங்கியது. கடைசியில், 2014 செப்டெம்பரில் டில்லி மேல் நீதிமன்றம், எம்.பி.ஏ., பி.பி.ஏ., 'பிஸ்னஸ் ஸ்கூல்' போன்ற சொற்களை அது விளம்பரத்தில் பயன்படுத்தத் தடை விதித்தது. செலுத்தப் பணிக்கப்பட்ட தொகை 25,000 ரூபாய். ஒரு மாணவனின் கட்டணத்துக்கே அது காணாது!

இங்கும் 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் பொய்யான கூற்றுக்களைத் தடுக்கிறது. ஆனால் முறைப்பாடு பணம் கட்டிய பிறகுதான். முன்கூட்டியே கேட்க வேண்டியது, சான்றிதழில் யாருடைய பெயர் இருக்கும் என்பதே. பட்டமென்றால் அந்தப் பெயரைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் விசாரியுங்கள். டிப்ளோமா என்றால் மூன்றாம் நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பதிவிலக்கத்தைக் கேளுங்கள். "வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது" என்பார்களாயின், அந்தப் பல்கலைக்கழகத்துக்கே நேரில் எழுதிக் கேளுங்கள். பதில் வரும்வரை முற்பணம் கொடுக்க வேண்டாம்.