இருமல் எல்லாம் பஞ்சுத் தூசி இருமல் அல்ல!



"பஞ்சுத் தூசி இருமலுங்க, நாலு நாள்ல சரியாப் போயிரும்." மில்லிலும் பனியன் கம்பெனியிலும் வேலை செய்கிற நாம் எல்லோரும் இதை ஒரு தடவையாவது சொல்லியிருப்போம். பஞ்சுத் தூசி இருமல் வரவழைக்கும், நுரையீரலைக் கெடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் இரண்டு வாரம் தாண்டியும் இருமல் நிற்கவில்லையா? சாயங்காலக் காய்ச்சல், உடம்பு இளைப்பு, சளியில் ரத்தம், இதில் ஏதாவது இருக்கிறதா? அது காசநோயாக, அதாவது டி.பி.யாக இருக்கலாம். தூசி இருமல் அடுத்தவருக்குத் தொற்றாது. நுரையீரல் டி.பி. தொற்றும். அதனால் எது என்று சீக்கிரம் தெரிந்தாக வேண்டும்.

பரிசோதனையில் என்ன மாற்றம்?

டி.பி. கிருமியை 1882-ல் ராபர்ட் கோக் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு நூறு வருடத்துக்கு மேலாக, சளியைக் கண்ணாடியில் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதுதான் வழக்கம். கிருமி நிறைய இருந்தால்தான் அதில் தெரியும். கொஞ்சமாக இருந்தால் தப்பிவிடும். மருந்துக்குக் கட்டுப்படுகிற கிருமியா என்று அறிய, அதை வளர்த்துப் பார்க்க வாரக்கணக்கில் ஆகும்.

இப்போது சிபிநாட், ட்ரூநாட் என்ற மெஷின்கள் வந்துவிட்டன. இவை சளியில் கிருமியின் மரபணுவைத் தேடிப் பிடிக்கின்றன. கொஞ்சம் கிருமி இருந்தாலும் காட்டிக் கொடுக்கும். முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் வேலை செய்யுமா என்பதும் சில மணி நேரத்தில் தெரிந்துவிடும். ட்ரூநாட் நம் நாட்டிலேயே உருவானது. பேட்டரியில் ஓடும். அதனால் சிறிய ஆஸ்பத்திரியிலும் வைக்க முடிகிறது.

வீட்டில் இருந்தே குணமாகலாம்

"டி.பி.ன்னு தெரிஞ்சா ஒதுக்கிருவாங்களே" என்ற பயம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. ஒரு காலத்தில் நோயாளிகளை மாதக்கணக்கில் சானடோரியத்தில் வைத்தார்கள். 1956-ல் சென்னையில் ஓர் ஆய்வு தொடங்கியது. 193 ஏழை நோயாளிகளில் பாதிப் பேருக்கு சானடோரியத்திலும், மீதிப் பேருக்கு வீட்டிலும் மருந்து கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானார்கள். அவர்கள் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. உலகமே சிகிச்சை முறையை மாற்ற இந்தச் சென்னை ஆய்வு காரணமானது.

ஆனாலும் சிலருக்கு ஆஸ்பத்திரி தேவை. அவர்களைக் கண்டுபிடிக்க 2022-ல் தமிழக அரசு 'காசநோய் இறப்பில்லா திட்டம்' கொண்டுவந்தது. எடை, மூச்சு வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, கால் வீக்கம், பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்த்து, நிலைமை மோசமானவர்களை உடனே சேர்க்கிறார்கள்.

நாம் செய்ய வேண்டியது

அரசு ஆஸ்பத்திரியில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். பெரும்பாலோருக்கு 6 மாத சிகிச்சை போதும். "உடம்பு தேறிருச்சு" என்று நடுவில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகும். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக அரசு தரும் தொகை 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய்.

எத்தனை நல்ல மெஷின் வந்தாலும், சளி கொடுக்கப் போனால்தான் பலன். ஒரு நாள் கூலி போகுமே என்று தள்ளிப்போட்டால், பல மாதக் கூலி போகும். உயிரே போகலாம். அடுத்த குழுக் கூட்டத்தில் சேமிப்புக் கணக்கோடு இதையும் பேசுவோம். இருமுகிற சகோதரியை ஒதுக்காமல், கூடவே ஆஸ்பத்திரிக்குப் போய் வருவோம்.