கிட்டங்கி வரை எட்டாத வைஃபை: வழி உண்டு!



விருதுநகரின் பழைய கடைகளின் அமைப்பு நாம் அனைவரும் அறிந்ததே. முன்னால் பெட்டியடி, அதன் பின் சரக்கு, அதற்கும் பின்னால் கணக்கறை, கடைசியில் கிட்டங்கி. அகலம் குறைவு, நீளம் அதிகம். பெரியவர்கள் சுண்ணாம்புக் காரையால் கனமாக எழுப்பிய சுவர்கள் வெயிலையும் திருடனையும் தடுத்தன. இன்று அதே சுவர்கள் வைஃபை அலையையும் தடுக்கின்றன.

சென்ற ஆண்டு ஒரு மாலை, கேரளாவுக்குச் செல்லவேண்டிய வத்தல் லோடு ஏற்றி முடிந்து லாரி எங்கள் கடை வாசலில் நின்றது. ரூ.50,000-க்கு மேற்பட்ட சரக்கு மாநில எல்லையைத் தாண்ட 2018 ஏப்ரல் 1 முதல் இ-வே பில் வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல் அந்தத் தளத்தில் நுழைய எல்லா வணிகர்களுக்கும் ஓ.டி.பி.யும் கட்டாயம். கணக்கறையில் வைஃபை ஒரே ஒரு கோடு. கைப்பேசிக்கோ அதுவும் இல்லை. கணக்கப்பிள்ளை தெருவுக்கு ஓடி எண்ணைப் பார்த்துவிட்டு உள்ளே வருவதற்குள் நேரம் கடந்துவிடும். நான்கு முறை இதே கதை. "பில் பின்னால் வரட்டும், வண்டியை விடுங்க முதலாளி" என்றார் டிரைவர். வழியில் பிடிபட்டால் வரியைப் போல இரு மடங்கு அபராதம். ஆகவே விடவில்லை. இரவு பத்து மணிக்கே லாரி புறப்பட்டது. மறுநாள் சந்தை தவறி, நயம் வத்தலை விலை குறைத்துத் தள்ளினோம்.

காரணம் என்ன?

1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்ததை சிவகாசி மறக்காது. அதே கல்கத்தாவில்தான் 1895-இல் ஜகதீச சந்திர போஸ், கம்பியில்லாத அலையைச் சுவரைத் தாண்டி அனுப்பி மறுபக்கத்தில் மணி அடிக்கச் செய்து காட்டினார். ஆக, சுவரை அலை கடக்கும். ஆனால் கடக்கும்போது ஒவ்வொரு சுவருக்கும் சுங்கம் கட்டுவதுபோல் வலு இழக்கும். கனமான சுவர், ஈரம், தண்ணீர்த் தொட்டி, அடுக்கிய மூட்டைகள் ஆகியவை அலையை உறிஞ்சும். இரும்பு ஷட்டர், பீரோ, தகரக் கூரை ஆகியவை திருப்பி அடிக்கும்.

வைஃபை கருவியில் பொதுவாக இரண்டு அலைவரிசைகள் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை வேகம் குறைவு, சுவரை ஓரளவு தாண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகம் மிகுதி, சுவரைக் கண்டால் தளர்ந்துவிடும். பின்னறைக்கு முன்னதே உதவும்.

முதலில் அளந்து பாருங்கள்

எடை போடாமல் சரக்கு வாங்குவோமா? சிக்னலையும் அளக்கலாம். கைப்பேசியில் வைஃபை அளக்கும் இலவசச் செயலிகள் உள்ளன. மைனஸ் 50 என்றால் மிக நன்று. மைனஸ் 67 வரை வேலைக்குப் போதும். மைனஸ் 80 என்றால் பயனில்லை. மூன்று எண் இறங்கினால் வலு பாதியாகிவிட்டது என்று கணக்கு. அறை அறையாக நடந்து குறித்துக்கொண்டால், எந்தச் சுவர் 'திருடுகிறது' என்பது விளங்கிவிடும்.

செலவில்லாத வழிகள்

1. ரூட்டரைக் கல்லாவுக்கு அடியிலோ பீரோ மேலோ வைக்காதீர்கள். கட்டடத்தின் நடுப்பகுதியில், ஆள் உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் மாட்டுங்கள்.

2. சுவருக்கு நேராக இல்லாமல், வாசல்கள் ஒரே வரிசையில் இருக்கும் பக்கம் வையுங்கள். அலை வாசல் வழியே எளிதாகப் போகும்.

3. பக்கத்துக் கடைகளின் வைஃபை நெரிசல் இருந்தால், 2.4-இல் 1, 6, 11 ஆகிய சேனல்களில் காலியாக உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

நாங்கள் செய்த தவறு

இவற்றால் கொஞ்சம் தேறியதே தவிர முழுதும் சரியாகவில்லை. கடைக்காரர் ஒருவர் பேச்சை நம்பி ரிப்பீட்டர் ஒன்று வாங்கிக் கணக்கறையிலேயே சொருகினோம். கோடுகள் நிறைந்தன, வேலை நடக்கவில்லை. ஊற்றில்லாத கிணற்றில் வாளி விட்ட கதைதான். வருவதைத்தான் ரிப்பீட்டர் திருப்பி அனுப்பும். அதைப் பாதி வழியில், சிக்னல் நன்றாக உள்ள இடத்தில் வைக்கவேண்டும். அப்படியும் சாதாரண ரகத்தில், வாங்குவதும் கொடுப்பதும் ஒரே அலையில் நடப்பதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும்.

நிலையான தீர்வு

சுவரைத் தாண்ட அலையை வதைப்பதைவிடக் கம்பியை அனுப்புவதே மேல். முன்பக்க ரூட்டரிலிருந்து கேட்-6 கம்பி இழுத்து, கணக்கறையில் 'ஆக்சஸ் பாயிண்ட்' ஒன்று பொருத்தினோம். இக்கம்பி 100 மீட்டர் வரை போகும். அலுமினியத்தில் செம்பு பூசிய மலிவு ரகம் வேண்டாம், சுத்தச் செம்பு கேட்டு வாங்குங்கள். பழைய ரூட்டர் வீட்டில் சும்மா கிடந்தால் அதையே ஆக்சஸ் பாயிண்டாக மாற்றிக்கொள்ளலாம். தனிக் கட்டடத்துக்கு இழுப்பதானால் கண்ணாடி இழைக் கம்பியே நல்லது. அது இடி மின்னலின் அதிர்ச்சியைக் கடத்தாது.

பல கைப்பேசிகளில் 'வைஃபை அழைப்பு' வசதி உள்ளது. 2019 இறுதியில் இந்தியாவில் அறிமுகமான இதை அமைப்பில் இயக்கிவிட்டால், டவர் எட்டாத அறையிலும் அழைப்பும், பெரும்பாலும் ஓ.டி.பி.யும் வந்து சேரும். தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியின்றி மொபைல் பூஸ்டர் வைப்பது மட்டும் சட்டப்படி குற்றம். யார் சொன்னாலும் வாங்காதீர்கள்.

பட்டாசு வணிகர்களுக்கு ஒரு வார்த்தை

சிவகாசி, சாத்தூர் வட்டார நண்பர்கள் இவற்றை அலுவலக அறையோடு நிறுத்திக்கொள்ள வேண்டுகிறோம். பட்டாசு இருப்பு அறைக்குள் ரூட்டரோ, ரிப்பீட்டரோ, அதற்கான மின்கம்பியோ, கைப்பேசியோ நுழையவே கூடாது. இருப்புக் கணக்கை வெளியே வந்து ஏற்றினால் போதும். அங்கே சிக்னல் இல்லாததைக் குறையாக நினைக்கவேண்டாம், அதுவே பாதுகாப்பு.

எங்கள் கணக்கறையில் இப்போது மைனஸ் 48. கம்பிக்கும் கருவிக்கும் ஆன செலவு, அன்று அந்த லோடில் விட்டுக்கொடுத்த தொகையில் பாதிகூட இல்லை. லாரி வாசலில் நிற்கும் நாளில் வழி தேடாமல், இன்றே ஒரு நடை உள்ளே போய் அளந்து பார்க்குமாறு வணிக நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.