எண்ணெய் சுழற்றும் சக்கரம்



நம் சங்கக் கூட்டம் ஒன்றில், "கதையும் கவிதையும் தமிழில் எழுதலாம், பட்டறை வேலையைத் தமிழில் எழுத முடியுமா?" என்று ஒரு நண்பர் கேட்டார். முடியும் என்று மேசையைத் தட்டுவதைவிட எழுதிக் காட்டுவதே நேர்மை. ஆகவே, சென்ற மழைக்காலத்தில் என் ஊர்ப் பக்கம் நான் கண்ட ஒரு பழுதையும், அது தீர்ந்த விதத்தையும் இங்கே எழுதுகிறேன்.

களியக்காவிளையைத் தாண்டி வந்தால் பாறசாலை. அதற்கும் அப்பால் நெய்யாற்றின்கரை. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் இடையே மாநில எல்லை விழுந்தது. கோடு விழுந்தாலும் பேச்சு பிரியவில்லை. இரு புறத்து வீடுகளிலும் தமிழும் மலையாளமும் கலந்தே புழங்குகின்றன. பாறசாலைக்கு அருகே சாலையோரத்தில் என் மாமாவுக்கு ஒரு சிறு பட்டறை உண்டு. பவர் டில்லர், தண்ணீர் பம்ப், ரப்பர்த் தோட்டத்தில் களை வெட்டும் மெஷின் - எது வந்தாலும் பார்ப்பார்.

இடவப்பாதி மழை தொடங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. நெய்யாறு கடலில் கலக்கும் பூவாற்றுப் பக்கத்து விடுதி ஒன்றிலிருந்து, உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி ஒன்றைச் சுமை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். கூடவே வந்தவர் அங்கே தோட்ட வேலை செய்யும் இளைஞர். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணாச்சி, நான் ஒண்ணும் செய்யல்ல. காலையிலே நல்லா ஓடுது. வெயில் ஏறினா மேட்டிலே ஏற மாட்டேங்குது. நான்தான் முரட்டுத்தனமா ஓட்டி உடைச்சேன்னு சொல்லுதாவ. புதுசு மாத்தணுமாம், அதை என் சம்பளத்திலே பிடிப்பாவளாம்."

மாமா வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தார். பிறகு சொன்னார்: "உடைஞ்ச சாமான் காலையிலேயும் ஓடாது, மக்கா. இரு, பார்ப்போம்."

அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிய அறிவியலை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பல்லுக்குப் பதில் எண்ணெய்

மோட்டார் வண்டிகளில் எஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டு சேர்ப்பது பல்சக்கரப் பெட்டி. வேகத்தை மாற்ற வேண்டுமானால் கிளச்சை மிதித்து, பல்லைக் கழற்றிப் பல்லை மாட்ட வேண்டும். புல்வெட்டும் வண்டிக்கோ இது பெருந்தொல்லை. மரத்தைக் கண்டால் வளைய வேண்டும். சுவரைக் கண்டால் பின்வாங்க வேண்டும். மணிக்கு நூறு தடவை வேகம் மாறும். இதற்காகவே அவற்றில் பல வண்டிகளில் ஹைட்ரோஸ்டாட்டிக் செலுத்தி வைக்கிறார்கள். எண்ணெயின் அழுத்தத்தால் சக்கரத்தைச் சுழற்றும் அமைப்பு என்று அதற்குப் பொருள் கொள்ளலாம்.

அதன் உள்ளே இருப்பவை முக்கியமாக இரண்டு: ஒரு பம்ப், ஒரு மோட்டார். மோட்டார் என்றவுடன் மின்சாரத்தை நினைக்க வேண்டாம். இது எண்ணெயால் சுழலும் மோட்டார். எஞ்சினிலிருந்து ஒரு பெல்ட் வந்து பம்பைச் சுழற்றுகிறது. பம்பில் ஓர் உருளைக் கட்டை. ரிவால்வர் துப்பாக்கியில் குண்டு போடும் பகுதியைப் போல அதில் வட்டமாகத் துளைகள். ஒவ்வொரு துளையிலும் ஒரு சிறு பிஸ்டன். பிஸ்டன்களின் தலைகள் ஒரு தட்டின்மேல் உராய்ந்து செல்கின்றன.

எல்லா மாயமும் அந்தத் தட்டில்தான். தட்டு நேராக நின்றால் கட்டை சுழன்றாலும் பிஸ்டன்கள் உள்ளே வெளியே நகரா, எண்ணெய் ஓடாது, வண்டி நிற்கும். தட்டைச் சற்றே சாய்த்தால், ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் ஒரு முறை எண்ணெயை உறிஞ்சி ஒரு முறை தள்ளும். அந்த எண்ணெய் மோட்டாரின் பிஸ்டன்களைத் தள்ள, மோட்டார் சுழலும்; பல்சக்கரங்கள் வழியே வண்டியின் அச்சு சுழலும். அதிகம் சாய்த்தால் அதிக எண்ணெய், அதிக வேகம். எதிர்ப்புறம் சாய்த்தால் எண்ணெய் எதிர்த்திசையில் ஓடும். வண்டி பின்னால் போகும். காலடியில் உள்ள மிதிகட்டை செய்வதெல்லாம் இந்தத் தட்டைச் சாய்ப்பதே.

அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாத் திசையிலும் பரவும் என்று 17ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டுப் பாஸ்கல் கண்டதை நாம் பள்ளியில் படித்தோம். 1795இல் இங்கிலாந்தில் ஜோசப் பிராமா அதைக் கொண்டு அழுத்தும் பொறிக்கு உரிமம் பெற்றார். புல்வெட்டி பிறந்தது 1830இல். எட்வின் பட்டிங் என்ற ஆங்கிலேயர் அதை ஆக்கினார். 1954இல் இங்கிலாந்தின் தேசிய வேளாண் பொறியியல் நிலையம் எண்ணெயழுத்தத்தால் ஓடும் டிராக்டர் ஒன்றைச் செய்து காட்டியது. 1967இல் அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் அத்தகைய டிராக்டரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பாடப்புத்தகத்தின் ஒரு வரி, பூவாற்றுப் புல்தரைக்கு வந்து சேர்ந்த கதை இது.

வெயில் ஏறினால் ஏன் தளர்கிறது?

உருளைக் கட்டைக்கும் அதைத் தாங்கும் முகத்துக்கும் இடையே உள்ள இடைவெளி மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவே. நம் தலைமயிர் அதைவிடப் பல மடங்கு தடிப்பு. அந்த இடைவெளியில் எண்ணெய்ப் படலம் நின்றுதான் உராய்வைத் தடுக்கிறது. மேட்டில் ஏறும்போது உள்ளே அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் நூறு மடங்கையும் மிஞ்சும்.

எண்ணெய் குளிர்ந்திருக்கும்போது தடித்திருக்கும். இடுக்கில் எளிதில் கசியாது. சூடேறினால் நீர்த்துப்போகும், அழுத்தம் சக்கரத்துக்குப் போகாமல் இடுக்கு வழியே கசிந்துவிடும். கசிவு மேலும் சூட்டை உண்டாக்கும். சூடு மேலும் கசிவை உண்டாக்கும். இந்தச் சுழலில் சிக்கிய வண்டி சமதரையில் ஊரும். மேட்டைக் கண்டால் நின்றுவிடும். உடைந்த பாகமோ குளிரென்றும் சூடென்றும் பாராது. காலையில் ஓடி நண்பகலில் நிற்பது சூட்டின் குறி. இதையே மாமா ஒரு வரியில் சொன்னார்.

முதலில் பார்க்க வேண்டியவை

பெட்டியைத் திறக்கும் முன் வெளியே பார்க்க வேண்டியவை ஐந்து. எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, தீப்பொறிப் பிளக்கின் கம்பியைக் கழற்றிய பின்னரே கை வைக்க வேண்டும்.

முதலாவது, விடுவிப்பு நெம்பு. எஞ்சின் ஓடாதபோது வண்டியைக் கையால் தள்ளுவதற்காக எண்ணெய்க்குச் சுற்றுவழி திறந்துவிடும் நெம்பு இது. அரைகுறையாகத் திறந்திருந்தால் வண்டிக்கு வலு இராது. புதுப் பெட்டி வாங்கிய பின்னர் இதைக் கண்டுபிடித்துத் தலையில் அடித்துக்கொண்டவர்கள் உண்டு.

இரண்டாவது, பெல்ட். தளர்ந்தோ, பக்கங்கள் தேய்ந்து கண்ணாடிபோல் மினுங்கியோ இருந்தால் வழுக்கும். அதை இழுத்துப் பிடிக்கும் சுருள்வில்லையும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, மிதிகட்டையிலிருந்து தட்டு வரை செல்லும் கம்பி. அது முழுத் தூரம் நகராவிட்டால் தட்டு முழுதும் சாயாது. பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்பதையும் இங்கேயே சோதிக்கலாம்.

நான்காவது, பெட்டியின் மேலுள்ள விசிறியும் குளிர்விக்கும் மடிப்புகளும். ஐந்தாவது, எண்ணெயின் அளவும் நிறமும். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துள்ளது. கறுத்துத் தீய்ந்த மணம் வந்தால் சூட்டில் வெந்துள்ளது.

எங்கள் வண்டியில் முதலாவதும் மூன்றாவதும் சரி. பெல்ட் மினுங்கியது. பின்பக்க மூடியைக் கழற்றியதும் இளைஞரே, "அய்யோ!" என்றார். ஈரப்புல் காய்ந்து, அடுக்கடுக்காக ஒட்டி, மடிப்புகளை வரட்டிபோல் மூடியிருந்தது. விசிறியில் இரண்டு இதழ்கள் இல்லை. இரண்டு பருவமழை பெய்யும் நாட்டில் புல் ஓயாமல் வளரும்; ஈரத்தோடு வெட்டினால் ஒட்டும். குளிர்நாட்டில் எப்போதோ துடைத்தால் போதுமான இடத்தை இங்கே வாரந்தோறும் துடைக்க வேண்டும்.

எண்ணெயும் காற்றும்

சில பெட்டிகளில் எண்ணெயை இறக்க அடியில் திருகு இருக்கும். இதில் இல்லை. வண்டியிலிருந்து பெட்டியைக் கழற்றி, கவிழ்த்து, ஊற்றும் துளை வழியே வடித்தோம். வந்தது தார் நிறம். புது எண்ணெய் எது என்பதில் ஊகம் கூடாது. சில பெட்டிகளுக்கு 20டபிள்யூ-50 என்ற எஞ்சின் எண்ணெயையே தயாரிப்பாளர் சொல்வர். வேறு சிலவற்றுக்கு வேறு. கையேடு சொல்வதையே ஊற்ற வேண்டும்.

எண்ணெய் மாற்றியதும் வண்டி ஓடிவிடும் என்று எண்ணினால் ஏமாற்றமே. உள்ளே காற்று புகுந்திருக்கும். காற்று அழுங்கும், எண்ணெய் அழுங்காது. காற்றுள்ள வண்டி முனகும், குதிக்கும், வலுவின்றி ஊரும். அதை வெளியேற்றும் முறை இது: ஓட்டும் சக்கரங்களை ஜாக்கியால் தூக்கி, அடியில் உறுதியான கட்டைகளை வைக்க வேண்டும், ஜாக்கியை மட்டும் நம்பக்கூடாது. கழற்றிய பிளக் கம்பியை இப்போது மாட்டி, விடுவிப்பு நெம்பைத் திறந்து, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, மிதிகட்டையை முன்னும் பின்னும் நிதானமாக ஐந்தாறு முறை மிதிக்க வேண்டும். பிறகு எஞ்சினை நிறுத்தி, நெம்பை மூடி, மீண்டும் ஓட்டி அதே போல் ஐந்தாறு முறை. எண்ணெய் இறங்கியிருந்தால் நிரப்ப வேண்டும். முனகல் அடங்கும்வரை இதைத் திரும்பச் செய்யலாம். பெல்ட் ஓடும்போது கையும் வேட்டியும் அருகில் போகலாகாது.

இவ்வளவுக்கும் பின் சூட்டில் தளர்ந்தால் உள்ளே தேய்மானம் உண்டு. அப்போது திறக்கத்தான் வேண்டும். நூல் உதிராத துணி, தூசியில்லாத மேசை, கழற்றிய வரிசையில் அடுக்கத் தட்டு ஆகியவை வேண்டும். ஒரு துளையின் பிஸ்டனை மறு துளையில் போடக்கூடாது. உரசும் முகத்தில் நகத்துக்குத் தட்டுப்படும் கீறல் இருந்தால் அரத்தால் தேய்த்துச் சரிக்கட்ட முயல வேண்டாம். பாகத்தை மாற்றுவதே வழி.

அந்தச் சீட்டு

புது விசிறி, புது பெல்ட், புது எண்ணெய். பட்டறைக்குப் பின்னால் ஒரு செம்மண் மேடு. நண்பகல் வெயிலில் ஒரு மணி நேரம் அந்த இளைஞரையே ஓட்டச் சொன்னார் மாமா. கடைசி ஏற்றத்திலும் வண்டி ஏறியது. முதல் ஏற்றத்தைவிடச் சற்றே மெதுவாக. "கொஞ்சம் தேய்ஞ்சிருக்கு, இல்லேன்னு சொன்னா பொய். ஆனா எண்ணெய் மாத்தி, புல்லைத் துடைச்சு வச்சா இன்னும் நாள் ஓடும்" என்றார்.

பிறகு ஒரு சீட்டு எழுதினார்: பழுதுக்குக் காரணம் அடைபட்ட விசிறியும் மாற்றாத எண்ணெயும், ஓட்டியவர் குற்றம் அன்று. விடுதி அலுவலகத்துக்காக மலையாளத்தில் எழுதியதை அவருக்குத் தமிழில் படித்துக் காட்டினார். அந்தச் சீட்டினால் அவருடைய சம்பளம் தப்பியது.

நான் ஒன்று கேட்டேன்: "வண்டியோடு கையேடு தரவில்லையா?" "ஆபீசிலே இருக்கு தம்பி. இங்கிலீஷிலே இருக்கு. எனக்கு யார் காட்டினா?" என்றார் அவர். அன்றிரவு மாமாவின் துணையோடு, எந்த நாள் எதைத் துடைப்பது, எதைப் பார்ப்பது என்று ஒரே பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அதைக் கருவிக் கொட்டகைக் கதவில் ஒட்டியிருப்பதாகப் பின்னர் அறிந்தேன். என் எழுத்து எதுவும் அவ்வளவு பயன்பட்டதில்லை.

தோழர்களே! பணக்கார விடுதியின் புல்தரைக்கு இவ்வளவு பேச்சா என்று எண்ண வேண்டாம். நெல் வயலில் சங்கிலித் தடத்தில் ஊரும் அறுவடை இயந்திரங்கள் பலவற்றிலும் இதே பம்பும் மோட்டாருமே உள்ளன. அறுவடை நாளில் மழை திரளும்போது அது நின்றுபோனால், ஒரு குடும்பத்தின் ஆண்டு உழைப்பு சேற்றில் சாயும். அந்த வேளையில் ஓட்டுபவருக்கு வேண்டியது அவருக்குப் புரியும் மொழியில் ஐந்து வரிகள். அவற்றை எழுத வேண்டியவர்கள் படித்த நாமே. அடுத்த இதழுக்கு, உங்கள் ஊர்ப் பட்டறையிலிருந்து ஒரு பழுதைக் கொண்டு வாருங்கள்.