இரவல் போன ஆட்டக்காரர்

ஓமலூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் தக்காளி நாற்று நடுவதைப் பார்த்திருப்பீர்கள். நாற்றங்காலில் நிமிர்ந்து நின்ற நாற்று, பிடுங்கி நட்ட மறுநாள் தலை சாய்ந்துவிடுகிறது. ஏன்? பிடுங்கும்போது நீரை உறிஞ்சும் வேர்த்தூவிகள் பல அறுந்துபோகின்றன. இலைகளோ நீரை ஆவியாக வெளிவிட்டுக்கொண்டே இருக்கின்றன. வரவு குறைந்தும் செலவு குறையவில்லை, அதனால் வாட்டம். ‘உயிர்த் தண்ணீர்’ பாய்ந்து, புது வேர் விட்டதும் நாற்று நிமிர்ந்துவிடும்.

கால்பந்திலும் இப்படிப் பிடுங்கி நடும் வழக்கம் உண்டு. பெரிய கழகங்களில் தேர்ந்த ஆட்டக்காரர்கள் நிறைந்திருப்பதால், இளைஞர்களுக்கு வாய்ப்புக் கிடைப்பது அரிது. எனவே சில மாதங்களுக்கு அவர்களை வேறு கழகத்துக்கு இரவலாக அனுப்புவார்கள்.

பயிற்சி மட்டும் போதாதா? போதாது. எதிராளியின் தோள் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்து, ஒரு நொடிக்குள் முடிவெடுக்கும் திறமை மெய்யான போட்டிகளில்தான் முதிர்கிறது.

மிசோரத்தைச் சேர்ந்த ஜெஜே லால்பெக்லுவாவைப் பாருங்கள். 2010இல், 19 வயதில், புனே கழகம் அவரை இந்தியன் ஆரோஸ் என்ற இளைஞர் அணிக்கு இரவலாகத் தந்தது. அங்கே தொடர்ந்து ஆடிக் கோல்களைக் குவித்தார். 2011இல் இந்திய அணிக்கு ஆடினார். பின்னர் சென்னையின் அணி 2015, 2018 ஆண்டுகளில் கோப்பை வென்றபோதும் அதில் அவர் இருந்தார்.

எல்லா இரவலும் இப்படிப் பலிப்பதில்லை. இங்கிலாந்தின் ஹாரி கேன் 20 வயதுக்குள் நான்கு கழகங்களுக்கு இரவல் போனார். முதல் இரண்டில் கோல்கள் அடித்தார். மூன்றாவதில் பாத எலும்பு முறிந்தது. நான்காவதில் பல நாள் மாற்று ஆட்டக்காரராகவே உட்கார்ந்திருந்தார். ஆயினும் 2018 உலகக் கோப்பையில் 6 கோல்கள் அடித்து முதலிடம் பெற்றவர் அவரே!

இரவல் போகிறவரின் மனத்தில் முதலில் எழும் கேள்வி, ‘என்னை வேண்டாமென்று தள்ளிவிட்டார்களோ?’ என்பதுதான். அந்த வாட்டத்தைப் போக்கும் உயிர்த் தண்ணீர் எது? அமெரிக்க உளவியல் அறிஞர்கள் எட்வர்டு டெசி, ரிச்சர்டு ரயன் இருவரும், மனிதர் ஊக்கத்தோடு செயல்பட மூன்று உணர்வுகள் தேவை என்கிறார்கள். ‘என்னால் முடியும்’ என்பது ஒன்று. ‘என் விருப்பத்துக்கும் இடமுண்டு’ என்பது இரண்டு. ‘நான் இவர்களில் ஒருவன்’ என்பது மூன்று.

முதல் உணர்வு களத்தில் ஆட ஆட வரும். இரண்டாவதைப் பயிற்சியாளர் தரலாம். மூன்றாவதைத் தரக்கூடியவர்கள் உடன் ஆடுபவர்களே. புது ஊரில் மொழி தெரியாமல், தனியே சாப்பிடும் இளைஞனுக்குக் காலில் எவ்வளவு திறமை இருந்தாலும் அது வெளிப்படத் தயங்கும்.

அடுத்த ஜூனில் வேறு பள்ளியிலிருந்து ஒரு மாணவர் உங்கள் வகுப்பில் சேரலாம். மாலையில் மைதானத்தின் ஓரத்தில் தயங்கி நிற்கலாம். அவரும் பிடுங்கி நட்ட நாற்றுதான். அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, பந்தை அவர் பக்கம் தட்டிவிடுங்கள். வேர் பிடிப்பதை நீங்களே காண்பீர்கள்.